50 வயது எடிட்டருக்குப் புது முகம்

மாற்ற வேண்டியது எது? கை வைக்கக் கூடாதது எது?

எடிட்டர் என்றால் பத்திரிகை ஆசிரியர் என்று நினைத்துவிட வேண்டாம். கம்ப்யூட்டரில் எழுதவும், எழுதியதைத் திருத்தவும் உதவும் புரோகிராமுக்கும் எடிட்டர் என்றுதான் பெயர்.

அப்படிப்பட்ட எடிட்டர்களில் மிகப் பழைய ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் பெயர் "ஈமாக்ஸ்".

அமெரிக்காவில் பாஸ்டன் நகரை ஒட்டி கேம்பிரிட்ஜ் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள எம்.ஐ.டி. என்ற பெரிய தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில், 1976-ம் ஆண்டில் ஈமாக்ஸ் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர், ரிச்சர்டு ஸ்டால்மன். பிறகு அவர் அதைப் புதிதாக எழுதி, 1985-ம் ஆண்டில் வெளியிட்டார். அதுதான் இன்று உலகம் எங்கும் ஓடுகிற "குனு ஈமாக்ஸ்". காசு கொடுக்க வேண்டியது இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம். மாற்றலாம். மாற்றியதை மற்றவர்களுக்கும் கொடுக்கலாம்.

இந்த எடிட்டரின் முகத்தை என்ன செய்வது என்பதில்தான் பல காலமாகச் சண்டை!

"பழைய வீடு. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்" என்கிறார்கள் ஒரு சாரார். "ஓடுகிற வண்டி ஓடட்டும். கை வைக்காதீர்கள்" என்கிறார்கள் இன்னொரு சாரார்.

இரண்டு பேச்சும் தவறு. ஏன் என்று தெரிந்துகொள்ள, அந்த முகத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கம்பாசிட்டர் வேலை

முன்பெல்லாம் அச்சகங்களில் கம்பாசிட்டர் என்று ஒருவர் இருப்பார். எழுத்தாளர் எழுதிக் கொடுத்த தாள் அவர் எதிரே இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பார். எந்த வரி எங்கே முடிய வேண்டும், இரண்டு சொற்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும், தலைப்பு எங்கே வரும், படம் எங்கே வரும் என்பதெல்லாம் அவர் கையில். அவர் கோத்து முடித்த பிறகுதான் அச்சு எந்திரம் ஓடும்.

எடிட்டரிலும் இதே கதைதான்.

நீங்கள் தட்டிய எழுத்துகள் கம்ப்யூட்டரின் நினைவில் இருக்கின்றன. அது எழுத்தாளரின் தாள். அதைத் திரைக்கு ஏற்ப வரி வரியாகக் கோத்துக் கொடுக்க ஒரு பகுதி இருக்கிறது. அதை "டிஸ்பிளே என்ஜின்" என்கிறார்கள். அதுதான் கம்பாசிட்டர். கடைசியாக, திரையில் புள்ளி புள்ளியாக எழுத்தைத் தீட்ட வேண்டும். அது அச்சு எந்திரத்தின் வேலை.

இந்தக் கடைசி வேலையை வெளியாரிடம் விட்டுவிடலாம். பட்டன், மெனு, ஜன்னல், வண்ணம் எல்லாவற்றையும் தயாராகச் செய்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சரக்குக்கு "டூல்கிட்" என்று பெயர். தச்சர் கையில் கொண்டு வருகிற கருவிப் பெட்டி போன்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பக்கத்துக்கு 64 வினாடி!

ஈமாக்ஸ் பிறந்த காலத்தில் கருவிப் பெட்டியும் இல்லை. வண்ண ஜன்னலும் இல்லை. ஒரு திரை, ஒரு தட்டச்சுப் பலகை. அதற்கு "டெர்மினல்" என்று பெயர். கம்ப்யூட்டர் வேறு எங்கோ இருக்கும். பல இடங்களில் இரண்டையும் இணைத்தது டெலிபோன் கம்பி.

அந்தக் கம்பியில் வினாடிக்குச் சுமார் 30 எழுத்துகள் போகும். திரையில் 24 வரிகள். வரிக்கு 80 எழுத்துகள். மொத்தம் 1,920. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு திரை முழுவதையும் எழுதி முடிக்க 64 வினாடி ஆகும்!

ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த ஒரு நிமிடத்துக்கு மேல் யார் காத்திருப்பார்கள்?

எனவே ஒரு தந்திரம் செய்தார்கள். திரையில் இப்போது என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல். இனி என்ன இருக்க வேண்டும் என்று இன்னொரு பட்டியல். இரண்டையும் ஒப்பிட்டு, மாறிய இடத்தை மட்டும் அனுப்புவது. சுவர் முழுவதும் வெள்ளை அடிக்காமல், கறை பட்ட இடத்தில் மட்டும் தூரிகையை வைப்பது போல.

ஈமாக்ஸ் இன்றும் அந்த இரண்டு பட்டியல்களை வைத்துத்தான் வேலை செய்கிறது.

மண்டை ஓடு!

1981-ம் ஆண்டில் ஜேம்ஸ் காஸ்லிங் என்ற இளைஞர், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு ஈமாக்ஸ் எழுதினார். ("ஜாவா" என்ற புகழ் பெற்ற கம்ப்யூட்டர் மொழியைப் பின்னாளில் தந்தவரும் இவரே.) எந்த இடம் மாறியது என்று கண்டுபிடிக்கும் பகுதியை அவர் மிகக் கெட்டிக்காரத்தனமாக எழுதியிருந்தார். சிக்கலும் அதிகம்.

அந்தப் பகுதியின் தலையில் அவர் என்ன வைத்தார் தெரியுமா? தட்டச்சு எழுத்துகளாலேயே வரைந்த மண்டை ஓடும் எலும்பும்!

மின்சாரக் கம்பத்தில் "அபாயம்" என்று பலகை தொங்குமே, அதே படம். "இது உனக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறாயா? புரிந்திருக்காது. கை வைக்காதே" என்பது அதன் கருத்து.

வேடிக்கைதான். ஆனால், இந்த வேடிக்கையில் ஒரு நோயும் இருக்கிறது. எழுதியவருக்கு மட்டுமே புரியும் என்ஜின், அவர் போன பிறகு யாருக்குச் சொந்தம்? குனு ஈமாக்ஸ் தொடக்கத்தில் காஸ்லிங் எழுதிய பகுதி ஒன்றையும் சேர்த்துக்கொண்டிருந்தது. உரிமைத் தகராறு வந்தது. 1985-ம் ஆண்டிலேயே ஸ்டால்மன் அதை எடுத்துவிட்டுத் தாமே வேறு எழுத வேண்டியதாயிற்று.

காத்திருந்தார்கள், பிரிந்தார்கள்

1990-களில் ஜன்னல்களும் சுட்டெலியும் வந்துவிட்டன. ஈமாக்ஸின் முகமோ பழைய டெர்மினல் முகமாகவே இருந்தது.

அமெரிக்காவில் "லூசிட்" என்று ஒரு நிறுவனம். அது விற்க நினைத்த சரக்குக்கு நல்ல முகமுள்ள ஈமாக்ஸ் தேவைப்பட்டது. குனு ஈமாக்ஸின் 19-ம் பதிப்பு வரும் வரும் என்று பார்த்தார்கள். வரவில்லை. பொறுமை போய்விட்டது. 1992-ம் ஆண்டில் தாங்களே ஒரு ஈமாக்ஸை வெளியிட்டார்கள். பிறகு அதற்கு "எக்ஸ்ஈமாக்ஸ்" என்று பெயர் மாறியது. படம் காட்டுவதும், பல அகல எழுத்துகளைக் காட்டுவதும் அதில்தான் முதலில் வந்தன.

குடும்பம் இரண்டாயிற்று. ஒரே வேலையை இரண்டு கூட்டம் இரண்டு தடவை செய்தது. லூசிட் நிறுவனம் 1994-ம் ஆண்டில் திவாலாகியும் அந்தப் பிரிவு சேரவில்லை.

"கை வைக்காதே" என்று சொல்பவர்கள் இந்தக் கதையை மறந்துவிடுகிறார்கள். கூரை ஒழுகுகிற வீட்டில் எத்தனை நாள் பிள்ளைகள் பொறுத்திருப்பார்கள்?

பலகை மாறியது

குனு ஈமாக்ஸின் கம்பாசிட்டரை ஒருவர் முழுவதும் மாற்றி எழுதினார். ஜெர்மனியைச் சேர்ந்த கெர்ட் மோல்மன். அந்த என்ஜினோடு 21-ம் பதிப்பு, 2001-ம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது.

அதற்கு முன்பு எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். எல்லா வரிக்கும் ஒரே உயரம். கட்டம் போட்ட கணக்கு நோட்டு போல. மோல்மனின் என்ஜின் அந்தக் கட்டங்களை அழித்தது. சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் ஒரே வரியில் நின்றன. நடுவே படமும் வந்தது.

ஆனால், அவர் செய்த பெரிய காரியம் அது அல்ல. அந்த என்ஜின் உள்ள கோப்பின் தலையில், அது எப்படி வேலை செய்கிறது என்று நீண்ட விளக்கம் இருக்கிறது. எந்தப் பட்டியல் எங்கே தயாராகிறது, எது எதைக் கூப்பிடுகிறது என்று படிப்படியாகச் சொல்கிறது. பிறகு வந்தவர்களும் அந்த விளக்கத்தில் தங்கள் பங்கைச் சேர்த்தார்கள். அரபு, எபிரேயம் போன்ற மொழிகளை வலமிருந்து இடமாக எழுத வேண்டும். இஸ்ரேல் நாட்டவரான எலி ஜரெட்ஸ்கி அந்த வசதியைச் சேர்த்தார். அது 2012-ம் ஆண்டில் 24-ம் பதிப்பில் வந்தது. அதற்கும் அங்கே விளக்கம் உண்டு.

இன்று அந்த ஒரு கோப்பே 30 ஆயிரம் வரிகளுக்கு மேல். அடேயப்பா! இருந்தும் புதியவர் ஒருவர் உள்ளே போக வழி இருக்கிறது. "அபாயம்" பலகை இருந்த இடத்தில் "வாருங்கள், வழி இது" என்ற பலகை! எத்தனை புதிய டூல்கிட் வந்தாலும் இந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாகாது.

"கொ" எழுத்தின் கஷ்டம்

ஈமாக்ஸில் ஒரு வாழ்த்துப் பக்கம் இருக்கிறது. உலகத்து மொழிகள் பலவற்றில் வணக்கம் சொல்லும் பக்கம். அதில் தமிழில் "வணக்கம்" என்றே இருக்கிறது. ஆனால், அதைத் திரையில் ஒழுங்காகக் காட்டுவது லேசான வேலை அல்ல.

"கொ" என்ற எழுத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டரின் நினைவில் "க" முதலில் இருக்கும். "ஒ"வுக்கான குறி பிறகு இருக்கும். திரையிலோ கொம்பு முன்னே வர வேண்டும். கால் பின்னே வர வேண்டும். நடுவில் "க" நிற்க வேண்டும். ஒரே குறி இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் உட்காருகிறது! அகலமும் ஒன்று போல் இல்லை. "ர" எங்கே, "ணௌ" எங்கே? எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற பழைய டெர்மினல் கணக்கு தமிழிடம் செல்லாது. வங்காளியும் மலையாளமும் இப்படியே.

எழுத்துகளை இப்படிச் சேர்த்து உருவம் கொடுப்பது தனி வித்தை. அதற்கென்றே ஒரு புரோகிராம் இருக்கிறது. பெயர் "ஹார்ப்பஸ்". பாரசீக மொழியில் "ஹர்ப்" என்றால் எழுத்து. "பாஸ்" என்றால் திறந்தது. பெஹ்தாத் எஸ்பாபோத் என்ற ஈரானியர் அதை வளர்த்தார். குரோம், பயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு போன் எல்லாவற்றிலும் அதுதான் இருக்கிறது. போனில் தமிழ்ச் செய்தி படிக்கிற தாய்மார்கள் பலரும், பெயர் தெரியாமலே தினமும் அதன் உதவியைப் பெறுகிறார்கள்.

2020-ம் ஆண்டு ஆகஸ்டில் வந்த 27-ம் பதிப்பில், ஈமாக்ஸ் அந்த ஹார்ப்பஸைச் சேர்த்துக்கொண்டது. திரையில் தீட்டுவதற்கு "கெய்ரோ" என்ற ஓவியக் கருவியையும் நம்பி எடுத்துக்கொண்டது. கெய்ரோ 2016-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் நான்கு ஆண்டு வெள்ளோட்டத்தில் வைத்திருந்தார்கள்.

கவனியுங்கள். கம்பாசிட்டர் அதே ஆள். அவர் கையில் உள்ள எழுத்து மட்டும் புதிது. அச்சு எந்திரம் புதிது. மாற்றம் என்றால் இப்படி இருக்க வேண்டும்! வெளியே ஒருவர் நம்மைவிட நன்றாகச் செய்கிறாரா? அந்த வேலையை அவரிடம் கொடுத்துவிடலாம். வரியை எங்கே முடிப்பது என்ற முடிவை மட்டும் கொடுக்கக் கூடாது.

திரையே தேவைப்படாதவர்

டி.வி.ராமன் புனேயில் படித்தவர். 14 வயதில் பார்வை இழந்தவர். பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் கார்னல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1995-ம் ஆண்டில் அவர் "ஈமாக்ஸ்பீக்" என்ற புரோகிராமை வெளியிட்டார். அது ஈமாக்ஸில் இருப்பதைப் பேசிக் காட்டுகிறது. தலைப்பு ஒரு குரலில் வரும். குறிப்பு இன்னொரு குரலில் வரும்.

இது எப்படி முடிந்தது? ஈமாக்ஸில் எழுத்தாளரின் தாள் வேறு, திரை வேறு. ஈமாக்ஸ்பீக் திரையைப் பார்க்க வேண்டியதே இல்லை. நேராகத் தாளையே படிக்கிறது.

புதிய எடிட்டர்களில் சில, எழுத்துகளைக் கிராபிக்ஸ் கார்டு மூலம் நேராகத் திரையில் வீசுகின்றன. கண்ணுக்கு அழகு. வேகமும் உண்டு. ஆனால், வீசப்பட்டது வெறும் படம். பார்வை இல்லாதவருக்குப் படித்துக் காட்டும் புரோகிராமுக்கு அந்தப் படத்தில் ஒன்றும் தெரியாது. "இங்கே இந்த எழுத்து இருக்கிறது" என்று யாராவது தனியாகச் சொல்ல வேண்டும். அந்த வேலையை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளுவதுதான் பல இடங்களில் வழக்கம்.

"இடித்துவிட்டுக் கட்டுங்கள்" என்பவர்கள் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.

பெட்டியின் ஆயுள் பத்து ஆண்டு

இன்னொரு கணக்கும் இருக்கிறது. "ஜி.டி.கே." என்பது லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் புகழ் பெற்ற டூல்கிட். "கிம்ப்" என்ற ஓவியப் புரோகிராமுக்காகப் பிறந்தது. அதன் முதல் பதிப்பு 1998-ல் வந்தது. இரண்டாவது 2002-ல். மூன்றாவது 2011-ல். நான்காவது 2020-ல். ஒவ்வொன்று வரும்போதும், பழையதை நம்பியவர்கள் தங்கள் வேலையைத் திருப்பிச் செய்ய வேண்டும். 2025-ம் ஆண்டு பிப்ரவரியில் வந்த ஈமாக்ஸின் 30-ம் பதிப்பும் மூன்றாவது ஜி.டி.கே.யில்தான் நிற்கிறது.

டூல்கிட்டுக்குச் சொந்தப் பழக்கங்களும் உண்டு. ஈமாக்ஸ் பின்னணியில் ஓடிக்கொண்டே, ஒரே நேரத்தில் பல திரைகளில் முகம் காட்டும். ஒரு திரையின் தொடர்பு அறுந்தால், மற்றவை நடக்க வேண்டும். ஜி.டி.கே.யோ அப்போது மொத்தத்தையும் கவிழ்த்துவிடக்கூடும். ஈமாக்ஸே இதை எச்சரிக்கையாக அச்சிட்டு, "இதற்கு லூசிட் பெட்டியைப் பயன்படுத்துங்கள்" என்று யோசனை சொல்கிறது. எந்த லூசிட்? 1994-ல் திவாலான அதே லூசிட்டின் பெட்டிதான்! முதலாளி போய்விட்டார், பெட்டி பிழைத்திருக்கிறது.

முழு வீட்டையும் பெட்டிக்காரரிடம் விட்டவர்கள் கதையும் உண்டு. கிட்ஹப் நிறுவனம் 2014-ம் ஆண்டில் "ஆட்டம்" என்ற எடிட்டரை வெளியிட்டது. முகம் முழுவதும் இன்டர்நெட் பிரவுசரின் என்ஜினால் ஆனது. அழகாக இருந்தது. "மெதுவாக இருக்கிறது" என்ற புகாரும் கூடவே இருந்தது. 2022-ம் ஆண்டு டிசம்பரில் அதை மூடிவிட்டார்கள். அதை உருவாக்கியவர்களில் சிலர் அடுத்துச் செய்த எடிட்டரின் பெயர் "செட்". இந்தத் தடவை பிரவுசரை நம்பவில்லை. திரையில் தீட்டும் வேலையைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள்.

தரையே மாறுகிறது

அப்படியானால் சும்மா இருந்துவிடலாமா? முடியாது.

ஈமாக்ஸின் ஜன்னல் முகம் பல ஆண்டுகளாக "எக்ஸ்" என்ற திரை அமைப்பின் மேல் நின்றது. அதுவும் எம்.ஐ.டி.யில் 1984-ல் பிறந்ததுதான். இப்போது அதன் இடத்தில் "வேலண்ட்" என்ற புதிய அமைப்பு வருகிறது. 2025-ம் ஆண்டு மே மாதம் வெளியான ரெட் ஹாட் லினக்ஸின் 10-ம் பதிப்பில், பழைய எக்ஸ் சர்வரையே எடுத்துவிட்டார்கள். பழைய புரோகிராம்கள் ஓட ஒரு பாலம் மட்டும் விட்டிருக்கிறார்கள்.

ஈமாக்ஸ் அதற்கு முன்பே விழித்துக்கொண்டது. ஜி.டி.கே.யை வைத்துக்கொண்டே, பின்வாசல் வழியாக எக்ஸிடமும் பேசிக்கொண்டிருந்த பழக்கத்தை விட்டது. முழுவதும் ஜி.டி.கே. மூலமே தீட்டும் முகம் ஒன்று, 2023-ம் ஆண்டு ஜூலையில் 29-ம் பதிப்பில் வந்தது. அது வேலண்டில் நன்றாக ஓடும். அதே முகத்தைப் பழைய எக்ஸில் ஓட்டினால், "இது எனக்கு ஏற்ற இடம் அல்ல" என்று எச்சரிக்கும். ஒளிவு மறைவு இல்லாத இந்தப் பேச்சு நல்லது.

30-ம் பதிப்பில் ஈமாக்ஸ் ஆண்ட்ராய்டு போனுக்கும் வந்துவிட்டது. அங்கே ஜி.டி.கே.யும் இல்லை, எக்ஸும் இல்லை. விரலால் தொட்டு ஓட்டலாம். இருந்தும் உள்ளே வரி கோப்பது மோல்மன் எழுதிய அதே கம்பாசிட்டர். விண்டோசில் அவரே. மாக் கம்ப்யூட்டரில் அவரே. கறுப்புத் திரை டெர்மினலிலும் அவரே. எந்த ஒரு பெட்டிக்காரரிடமும் அவரை விற்றிருந்தால், இத்தனை வீட்டில் அவர் வேலை செய்திருக்க முடியுமா?

ஆகவே நான்காவது ஜி.டி.கே. வரட்டும். கிராபிக்ஸ் கார்டும் வரட்டும். தீட்டுவதற்கு அவை கெட்டிக்காரர்கள். ஆனால், எந்தப் புதிய முகத்தையும் ஏற்பதற்கு முன்பு மூன்று பேரிடம் காட்ட வேண்டும். தமிழில் நான்கு வரி எழுதுகிற ஒரு மாணவனிடம். ஈமாக்ஸ்பீக் கேட்டு வேலை செய்கிற ஒருவரிடம். மெதுவான கம்பியில், தொலைவில் உள்ள கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கிற ஒரு ஊழியரிடம். அவர்களுக்குச் சரி என்றால் எல்லாருக்கும் சரிதான்.

ஆள் பஞ்சம்தான் இப்போது பெரிய பஞ்சம். 30 ஆயிரம் வரி என்ஜினை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் சிலரே. அவர்களில் பலர் சொந்த வேலை போக மிஞ்சிய நேரத்தில், கூலி வாங்காமல் இதைச் செய்கிறார்கள். புதிய டூல்கிட்டைப் பற்றி விவாதம் செய்யப் பலர் வருகிறார்கள். அந்தக் கோப்பின் தலையில் உள்ள விளக்கத்தை உட்கார்ந்து படிக்க வருபவர்கள் குறைவு. கம்ப்யூட்டர் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அந்தக் கோப்பு திறந்தே கிடக்கிறது. "கொ" எழுத்துத் திரையில் எங்கே உடைகிறது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது இல்லை.